மெத்தை சாத்திய அறை

முதலில் துரோகம் செய்தது இன்னாசிதான். அவனுக்குப் பிறகு செய்தவர்களும் உண்டு. ரயில்வே பட்டறையில் எதிரே நின்று சம்மட்டி பிடித்த சந்தியாகு செய்தான். "எந்தம்பி வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான், அதைப் போயி" என்று குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்ன புஷ்பமும் தன் பங்குக்குச் செய்தாள். செத்துப்போன மனைவியைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாது என்றாலும் செய்தாள்தான். ஆனால் வரிசையில் முதல் ஆள் புஷ்பத்தின் தம்பி இன்னாசிமுத்து, அதில் மாற்றமில்லை. மருமகள் ஜெசிந்தா மின்விசிறியை நிறுத்தியபோது அருளாந்து டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விசிறி சட்டென்று நிற்கவில்லை, மனசில்லாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு முனகலோடு நின்றது. அது நின்ற பிறகுதான் அறை எவ்வளவு புழுக்கம் என்பது தெரிந்தது. "கொஞ்ச நேரம் அசையாம இருங்க மாமா, மொதல்ல வெறும் அறையைப் பதியணும்" என்றாள் ஜெசிந்தா. வெறும் அறையை எதற்குப் பதிய வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, ஒவ்வொரு அறைக்கும் சும்மா இருக்கும்போது ஒரு சத்தம் உண்டு, அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு பாட்டிலிருந்து கழித்துவிடலாம் என்று அவள் விளக்கியிருந்தாள். சும்மா இருக்கிற சத்தம். அவர் அசையாமல் உட்கார்ந்தார். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, அவர் பக்கம் திரும்பாமலேயே, "மூச்சு கேக்குது மாமா" என்றாள். மூச்சும் விடக்கூடாதா? அவர் மூச்சை மெதுவாக, பால்குடம் எடுத்துப் போகிறவனைப் போலத் தளும்பாமல் விட்டார். வயிற்றில் மத்தியானச் சோறு ஒரு புரட்டுப் புரண்டது. அதுவும் கேட்டிருக்கும். இந்த மைக்கு என்னவெல்லாம் கேட்கிறது. மனசுக்குள் ஓடுவதையும் இது கேட்டால், இன்னாசியின் பெயர்தான் அதில் பதிந்திருக்கும், வேறொன்றும் இருக்காது.

இது அவருடைய அறை. கட்டில் கூடத்துக்குப் போய்விட்டது. மகன் ரயில் ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அவன் வந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கியபோது அருளாந்து கால்மாட்டைப் பிடித்தார், தன் கட்டிலைத் தானே வெளியேற்றினார். அதில் அவருக்கு வருத்தமில்லை என்றுதான் சொன்னார். ஜெசிந்தா கான்வென்ட்டில் பாட்டு டீச்சர், கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவள். பாட்டைப் பதிய டவுனுக்குப் போய் யாரிடமோ கைகட்டி நிற்க வேண்டாம், வீட்டிலேயே ஒரு அறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று அவள் சொன்னதும், டவுன் ஸ்டுடியோ என்ற வார்த்தையைக் கேட்டதும், அவர் வாய் தானாகவே என் அறையை எடுத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டது. வேலை முழுக்க அவர் செய்ததுதான். முதலில் டீக்கடையிலிருந்து முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார், பழைய நாளில் ஸ்டுடியோச் சுவரில் பார்த்த ஞாபகம். அதனால் ஒன்றும் ஆகாது மாமா, கனமான துணிதான் சத்தத்தைக் குடிக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். அட்டைகள் கொல்லைக்குப் போயின, எதிர்வீட்டுக்காரி எடுத்துப்போய்க் கோழிக்குப் போட்டுவிட்டாள். பிறகு இலவம்பஞ்சு மெத்தைகளை வெயிலில் காயவைத்து அடித்து, சுவரோடு நிமிர்த்திச் சாத்தி, சரிந்துவிடாமல் இருக்கக் கட்டை அடித்தார். துணி அலமாரியைத் திறந்தபடியே வைத்தார்கள். அதில் புஷ்பத்தின் சேலைகள் இருந்தன, அவையும் சத்தத்தைக் குடிக்கும். கதவுக்குத்தான் அவர் ரொம்ப மெனக்கெட்டார். கதவின் உள்பக்கம் முழுவதும் மடித்த கம்பளியை வைத்து ஆணி அடித்து, அடிப்பக்க இடுக்குக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, சாவித்துவாரத்தில் பஞ்சைத் திணித்து, சாத்தினால் உள்ளே பேசுவது வெளியே கேட்காதபடி செய்துவிட்டார். மைக்குக்கு முன்னால் எச்சில் தெறிக்காமல் இருக்க ஒரு வலை வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னபோது, பூத்தையல் போடுகிற வட்டச் சட்டத்தில் மெல்லிய காலுறையை இழுத்து மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். பார்க்க ஒரு சின்னப் பறை மாதிரி இருந்தது. இவ்வளவும் யாருக்காக? அந்த வட்டத்துக்கு முன்னால் இன்றைக்கு வந்து நின்று வாயைத் திறக்கப் போகிறவன் இன்னாசி. அது தெரியாமல்தான் இழுத்து மாட்டினார். தெரிந்திருந்தால் கொஞ்சம் தொளதொளவென்று மாட்டியிருப்பார்.

போன வாரம்தான் சொன்னாள். மாதாவுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கிறாள், அதற்கு வயசான ஆம்பளைக் குரல் வேண்டும், நல்லா இருந்து தேய்ந்த குரல், இன்னாசி சித்தப்பா குரல் மாதிரி வேறு எதுவும் கிடையாது என்றாள். அவளுக்கு அவன் புருஷனுடைய தாய்மாமன், கூப்பிடுகிற முறை சித்தப்பா, சண்டைக்கு ரொம்பப் பிறகு கல்யாணமாகி வந்தவள், அவளுக்கு அவனோடு சண்டை கிடையாது. அருளாந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உடனே, டோலக்கு நீங்கதான் மாமா, கம்ப்யூட்டர்ல வர்ற டோலக்கு செத்த சத்தமா இருக்கு என்றாள். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்கவே வேண்டாம். இப்பல்லாம் தனித்தனியாப் பதியிறதுதான். நீங்க வாசிச்சு முடிச்சு எந்திரிச்சுப் போயிருங்க. சித்தப்பா அப்பறம் வந்து, காதுல உங்க டோலக்கைக் கேட்டுக்கிட்டு அதுக்கு மேல பாடிட்டுப் போயிருவாங்க" என்று சொன்னாள். அதுக்கு மேல. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் அன்று ராத்திரி கூடத்துக் கட்டிலில் அந்த வார்த்தையை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதாவது தாளம் முன்னால் போய்க் கல்லாகிவிடும். அதை நிறுத்தவோ நடுவில் கையைத் தூக்கவோ இன்னாசியால் முடியாது. நான் போட்ட தண்டவாளத்தில்தான் அவன் போயாக வேண்டும். அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அவன் இதற்கு மேல் எந்த வாயால் நியாயம் என்பான்? சரி என்றார். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம், மாமனார் மனசு இளகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அந்த வார்த்தை இதுதான். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்திய இன்னிசைக் குழுவுக்கு இன்னாசி தலைவன், ஆர்மோனியமும் பாட்டும் அவன். அருளாந்து டோலக்கு. அந்தோனியார் திருவிழாவுக்குக் கேசட்டு போட டவுன் ஸ்டுடியோவுக்கு எல்லாரும் வேன் பிடித்துப் போனார்கள். புஷ்பம் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், தம்பிக்கும் சேர்த்து. சரணத்துக்கு வந்ததும் இன்னாசி நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினான். அதற்கடுத்தும் அப்படியே. பிறகு ஆர்மோனியத் துருத்தியைச் சாத்திவிட்டு, குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஸ்டுடியோக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, "மச்சான், ஒங்களுக்குத் தாளம் நிக்கல. கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அருளாந்து வெளியே வந்து, செருப்புகள் கிடந்த இடத்தில், எல்லாருடைய செருப்புக்கும் நடுவே உட்கார்ந்தார். டோலக்கு உள்ளேயே இருந்துவிட்டது. ஸ்டுடியோக்காரன் போன் போட்டு யாரையோ வரவழைத்தான், அவன் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்து அருளாந்தின் டோலக்கையே எடுத்து மடியில் வைத்து வாசித்தான். பெண்டாட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. அந்தக் கேசட்டு ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயில் மரத்தில் கட்டிய குழாயில் பாடும். அவர் டோலக்கு, வேறொருத்தன் கை. சப்பரம் தெருவுக்குள் வரும்போது இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பார், புஷ்பம் மட்டும் வாசலில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"வெறும் அறை போதும் மாமா, ஹெட்போனை மாட்டிக்கோங்க. டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், அதோட சேந்து வாசிக்கணும்." காதில் அது வந்தது. டிக். டிக். டிக். ரத்தமில்லாத சத்தம், குழாய் சரியாக மூடாத சத்தம். பழைய குழுவில் இதெல்லாம் கிடையாது, இன்னாசி தலையை ஆட்டுவான், அதுதான் கணக்கு. இது யார் தலைக்கும் கட்டுப்படாது போலிருக்கிறது. ஓடுவதும் இல்லை, தேங்குவதும் இல்லை, அவருக்காகக் காத்திருப்பதும் இல்லை. பயம் அப்போதுதான் வந்தது, ஈரத்துணி போல. இத்தனை வருஷமும் இன்னாசி சொன்னது பொய் என்பதை வைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்தார், எழுந்தார், தின்றார். ஒருவேளை அது பொய் இல்லை என்றால்? இந்த டிக் டிக் வந்து, ஐயா உங்களுக்குத் தாளம் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டால்? மருமகள் முன்னால். அவள் திரையில் கோடு கோடாக ஏதோ தெரியும், எங்கே விலகியது எவ்வளவு விலகியது என்று அளந்துவிடுவாளாம். அவர் கை ஆரம்பித்தது. தகிட தகிட என்று உருளுகிற நடை, மாதா சப்பரம் தோளில் அசைந்து வருகிற நடை, இடது கையில் கும்மென்று ஒரு அமுக்கு, வலது கை விரல் நுனியில் பேச்சு. நன்றாகத்தான் போனது. முதல் சரணம் தாண்டும்போது பட்டறைச் சங்கு ஊதியது. எந்த மெத்தை, எந்தக் கம்பளி, அந்தச் சங்குக்கு முன்னால் எதுவும் நிற்காது. ஜெசிந்தா கையைத் தூக்கினாள். கையைத் தூக்கினாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது, அவர் கை டோலக்கின்மேல் அப்படியே நின்றுவிட்டது. "உங்க மேல தப்பில்ல மாமா, சங்கு விழுந்துருச்சு. தண்ணி குடிங்க, மறுபடி போவோம்." தண்ணீர் குடித்தார். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல இவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது? உடனே சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமான வேலை அது.

சங்கு ஊதினால் கொல்லுப்பட்டறையில் சம்மட்டியைத் தோளிலிருந்து இறக்குவார்கள். அந்தச் சங்குக்கு அவர் உடம்பு இன்னும் கட்டுப்படுகிறது, தோள் தானாக இறங்கியது. அங்கேதான் அந்த வார்த்தை இரண்டாவது முறை அவரை அடித்தது. பழுத்த இரும்பு நடுவில் இருக்கும், மேஸ்திரி சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டுகிற இடத்தில் இந்தப் பக்கம் அருளாந்து ஒரு போடு, அந்தப் பக்கம் சந்தியாகு ஒரு போடு, மாற்றி மாற்றி. பேச்சு கிடையாது. ஒருத்தன் இமைக்கிற நேரம் முந்தினாலும் பிந்தினாலும் சம்மட்டியும் சம்மட்டியும் முட்டி யாராவது ஒருத்தன் கை போகும். தாளம் என்றால் என்னவென்று பாட்டுக்காரனைவிட அவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டுடியோவுக்குப் போய்வந்த மறுநாளே சேதி பட்டறைக்கு வந்துவிட்டது. குழுவில் இருந்தவர்களும் அங்கேதானே வேலை. முதலில் சிரிப்பு. "டேய் சந்தியாகு, பாத்துடா, ஒன் ஜோடிக்குத் தாளம் நிக்காதாம்" என்று ஊதுலைக்காரன் சொன்னான், சந்தியாகும் சிரித்தான். பிறகு சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்றான். பிறகு சிரிக்கவில்லை. ஓங்கும்போது அவன் கண் இரும்பைப் பார்க்காமல் அருளாந்தின் கையைப் பார்க்க ஆரம்பித்தது. அப்படிப் பார்த்தால் தாளம் எப்படி நிற்கும்? ஒருநாள் மேஸ்திரியிடம் போய், பிள்ளைகுட்டிக்காரன் சாமி, எனக்கு வேற ஜோடி போட்டுக் குடுங்க என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் அருளாந்து நிலக்கரி சுமந்தார், சாம்பல் அள்ளினார். சம்மட்டி தூக்குகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருவார்கள், அந்த இடத்தில் அவர் உட்காரவில்லை. ஒரு வார்த்தை. மெதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை டவுனிலிருந்து வேனில் ஏறி வந்து ஒரு மனுஷன் கையிலிருந்து சம்மட்டியைப் பிடுங்கிப் போட்டது. அதை எறிந்தவனுக்கு அது எங்கே போய் விழுந்தது என்று தெரியுமா? தெரியும். புஷ்பம் அழுதுகொண்டே போய்ச் சொன்னாள், சொல்லிவிட்டு வந்து, "தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு" என்றாள். குனிந்தால் போதுமா? குனிந்த தலையோடு பட்டறைக்கு வந்து, நான் சொன்னது தப்பு என்று ஊதுலைக்காரன் காதுபடச் சொல்லியிருக்க வேண்டாமா?

டிக். டிக். மறுபடி ஆரம்பமாயிற்று. இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை புருவத்தில் நின்று, பிறகு கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க முடியாது, இரண்டு கையும் வேலையில் இருந்தது. டிக் டிக் கொஞ்ச நேரத்தில் காதில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் விலகிவிட்டோமா என்று பதறி, காதைத் தீட்டினார், அதோ இருந்தது, அவருடைய அடிக்கு அடியிலேயே, நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற மாதிரி. சேர்ந்து விழுந்தால் கேட்காதாம், பிரிந்தால்தான் கேட்குமாம். அப்படியானால் கேட்காமலே இருக்கட்டும். மகனுக்குக் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை கொடுத்த நாள் ஞாபகம் வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, இந்த நடைதான் அன்றைக்குக் கோயிலில் வாசித்தார்களோ என்னவோ. தாய்மாமன் வந்து மாலை போட வேண்டும், சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னாசி புதுச் சட்டையோடு கோயில் வாசலில் நின்றான், அருளாந்து பையனுக்குத் தன் சித்தப்பா மகனை விட்டு மாலை போடச் சொன்னார். புஷ்பம் அன்றைக்கு முழுவதும் தலையில் பூ வைக்கவில்லை. இன்னாசி கொண்டுவந்த சட்டையை என்ன செய்தான், யாருக்குக் கொடுத்தான், அது தெரியாது. கும். தகிட தகிட. இரண்டாம் சரணம். இங்கேதான், இந்த மாதிரி ஒரு இடத்தில்தான் அன்றைக்கு நின்றது. கை அந்த இடத்தைப் பார்த்து ஒரு கணம் பயந்தது, கையே பயந்தது, அவர் இல்லை. பிறகு தாண்டிவிட்டது. புஷ்பம் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும், அதை மட்டும் யாராலும் தடுக்க முடியாது, இன்னாசி கோடிச் சேலையோடு வந்தான், பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அக்காள்மேல் அதைப் போர்த்தினான். இந்தப் பக்கம் அருளாந்து. நடுவில் அவள் மட்டும்தான், அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மச்சான் என்று ஒரு வார்த்தை ஆரம்பித்தான், ஆமாம், ஆரம்பித்தான், அதற்குள் சாமியார் வந்துவிட்டார், செபம் ஆரம்பித்துவிட்டது. செபம் முடியாமலா போய்விட்டது? முடிந்த பிறகு சொல்லியிருக்கலாமே. கும். கடைசி அடி விழுந்தது. அவர் கையை டோலக்கின் தோல்மேல் அப்படியே வைத்திருந்தார், உள்ளே அது இன்னும் கொஞ்ச நேரம் அதிர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கியது. அடங்குகிற வரைக்கும் ஜெசிந்தாவும் அசையவில்லை.

அவள் திரையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அவர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிற டாக்டரின் முதுகும் இப்படித்தான் இருக்கும். அவர் மனசுக்குள் மாதாவிடம் ஒன்று சொன்னார், வேண்டுதல் இல்லை, எச்சரிக்கை மாதிரி. ஜெசிந்தா திரும்பி, "நின்னிருக்கு மாமா" என்றாள். எங்க நின்னிருக்கு என்று கேட்டார். எல்லா எடத்துலயும் என்றாள். அந்த இரண்டாவது சரணத்தில் என்று கேட்டார். அங்கயும் நின்னிருக்கு, பாருங்க, கோட்டுமேலயே இருக்கு. அவருக்குக் கோடு ஒன்றும் புரியவில்லை, மலைத்தொடர் மாதிரி ஏதோ தெரிந்தது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். சந்தியாகு செத்துப் பல வருஷம் ஆகிறது. ஊதுலைக்காரன் மகன் வீட்டோடு எங்கோ போய்விட்டான். இந்தக் கோட்டை இப்போது யாருக்குக் காட்டுவது? டோலக்குக்கு உறை போட்டார். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார், வந்தது கோபம்தான், பழசைவிடக் கொஞ்சம் திடமாக, ஏனென்றால் இப்போது அதற்குக் கீழே சந்தேகம் இல்லை. வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அறையிலிருந்து வெளியே வந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் வேலியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வாங்க சித்தப்பா என்று அவள் சொன்னது கேட்டது. பதிலுக்கு ஒரு இருமல் கேட்டது. வயசாகிவிட்டது அவனுக்கும், இவரைவிடச் சின்னவன்தான், ஆனால் இருமல் இவரைவிடப் பெரியது. காப்பி வேண்டாம்மா, தொண்டை கட்டிக்கும், பாடிட்டுக் குடிக்கிறேன். அதே மெதுவான பேச்சு. கதவு சாத்திய சத்தம், டியூப் தரையில் உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவர் அடித்த கம்பளி நன்றாக வேலை செய்தது. வேலியில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, இன்னாசி மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. வாயை விட்டுப் பாடினால் எந்த மெத்தையும் முழுக்கக் குடிக்காது போலிருக்கிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. டோலக்கு இல்லை, சுருதி இல்லை, அதெல்லாம் அவன் காதுக்குள் இருக்கிறது, வெளியே நிற்கிறவனுக்கு வெறும் குரல்தான், துணியில்லாத குரல். தேய்ந்துதான் போயிருந்தது. ஆனால், சொல்லியாக வேண்டும், மாதா மாதிரி ஒரு பெண் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பாள். அருளாந்தின் விரல்கள் துவைக்கிற கல்லில் நடையைப் போட்டன, சத்தமில்லாமல். பல்லவி அந்த நடையில் வந்து உட்கார்ந்தது. முதல் சரணம் உட்கார்ந்தது. இரண்டாவது சரணம் மேலே ஏறுகிற இடத்தில் குரல் முந்தியது. அவர் விரல் நின்றது. பார், ஓடுகிறான். மூச்சுப் பிடிக்க முடியாது என்ற பயத்தில், அந்த வரியைச் சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று ஓடுகிறான். அன்றைக்கும் இதேதான், இதே மாதிரி இடம்தான், அவன் ஓடினான், இவர் கை அவனைப் பிடித்து இழுத்தது, இழுபட்டவன் இழுத்தவனைக் குற்றம் சொன்னான். குரல் நின்றது. மறுபடி வந்தது, மறுபடி அதே இடத்தில் ஓடியது, நின்றது. இன்றைக்கு அவனால் கையைத் தூக்கி எவனையும் வெளியே போகச் சொல்ல முடியாது. தண்டவாளம் அசையாது. அருளாந்து கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஓடாதடா என்று உதட்டுக்குள் சொன்னார், அது திட்டா வேறேதாவதா என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சை முன்னாலேயே எடுத்துக்க, ஏறுறதுக்கு முந்தின வரியில எடுத்துக்க. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே பேசுகிறார்கள் போலிருந்தது, பேச்சு வெளியே வராது, அப்படித்தானே கதவைச் செய்திருந்தார். அப்புறம் குரல் வந்தது, சரணம் வந்தது, ஏறுகிற இடம் வந்தது. நின்றது. தாளத்தில் நின்றது. முழுப் பாட்டும் முடிந்துவிட்டது.

கதவு திறந்தது. காப்பி ஆற்றுகிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம், வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிற வழக்கம் அவனுக்கு எப்போதும் இல்லை, கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தது, கொல்லை வாசற்படியில் வந்து நின்றது. அருளாந்து வேலியைப் பார்த்தபடியே இருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்டது, பாடி இரைக்கிற மூச்சு. ஜெசிந்தாவின் மைக்கு இருந்திருந்தால் பிடித்திருக்கும். திரும்பலாம். திரும்பினால் இவரே போய்க் கை நீட்டி வாங்கின மாதிரி ஆகிவிடும். வருகிறவன் வரட்டும், வாயைத் திறக்கட்டும், மச்சான் என்று ஆரம்பித்தால் போதும், ஆரம்பித்ததை இங்கே தடுக்க எந்தச் சாமியாரும் வரப்போவதில்லை. ஓணான் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. செருப்பு ஒரு தடவை படியில் தேய்ந்தது. பிறகு திரும்பிப் போனது, அடுப்படி, கூடம், வாசல், கேட்டின் கொக்கி. அவர் அப்போதுதான் திரும்பினார். படியில் காலியான காப்பி டம்ளர் இருந்தது.

ஜெசிந்தா வந்து அந்த டம்ளரை எடுத்தாள், எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றாள். "சித்தப்பா ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா மாமா?" அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் டம்ளரை உருட்டிக்கொண்டே, உள்ளே நடந்ததைச் சொன்னாள். அந்தச் சரணத்தில் சித்தப்பா நின்றுவிட்டாராம். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். பிறகு பேசினாராம். "அன்னைக்கு ஓடுனது மச்சான் கை இல்லம்மா, நாந்தான் ஓடுனேன், அவரைக் கொண்டுபோயி செருப்புக்கு நடுவுல உக்கார வெச்சிட்டேன், அப்டினாங்க. கண்ணெல்லாம் கலங்கிருச்சு மாமா." அருளாந்து கல்லிலிருந்து எழவில்லை. செருப்புக்கு நடுவில் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் பார்த்திருக்கிறான். இத்தனை காலமும் அந்தச் செருப்புகள் இவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். "யாருகிட்டச் சொன்னான்?" என்று கேட்டார். "எங்கிட்டத்தான் மாமா. மைக்கை நான் நிறுத்தல, எல்லாம் பதிஞ்சிருக்கு. வாங்க, ஹெட்போன்ல போட்டுத் தர்றேன், நீங்களே கேளுங்க." ஒரு கணம் கால் எழுந்தது. அறை பக்கத்தில்தான் இருக்கிறது. போய் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டால், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் போடலாம். ஆனால் அது யார் காதுக்குச் சொன்னது? சுவருக்கும் கம்பளிக்கும் சொன்னது. புஷ்பத்தின் சேலைகள் கேட்டிருக்கும். இவர் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார், படி வரைக்கும் வந்தவனுக்கு அந்தப் படியை இறங்க முடியவில்லை.

"அன்னைக்கு ஒங்கிட்டயா சொன்னான்?" என்றார். "நீ அப்பப் பொறந்திருக்கவே மாட்ட. எம்மொகத்தைப் பாத்துச் சொன்னான். நாலு பேரு பாக்கச் சொன்னான்." ஜெசிந்தா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பிலதான் நிப்பாங்க மாமா, ஓடிப்போயி கூட்டிட்டு வரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அப்ப அந்தப் பேச்சை அழிச்சிரவா என்று கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார், கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். அவள் போகத் திரும்பியபோது, அடுத்த பாட்டு எப்போது என்று விசாரித்தார். ஆடிக் கடைசியில் சப்பரத்துக்கு ஒன்று எழுத வேண்டும், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாள் அவள். "அதுக்கும் அவனையே கூப்புடு. டோலக்கு நான் வாசிக்கிறேன்." சரி மாமா என்று அவள் முகம் மலர்ந்தது, அப்பத் தனித்தனியா வேண்டாமா, ஒண்ணா உக்கார வெச்சே பதிஞ்சிரலாமா என்று கேட்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தனித்தனியாவே பதி. பாடி முடிச்சிட்டு அவனா நடந்து வரணும். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்னு நீ சொல்ல வேண்டாம், அவனுக்குத் தெரியும்."